ஊடுபயிரில் உயிர் உரம்: வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
நான்காண்டு மாங்கன்றுகளுக்கு இடையில் சென்ற ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை விதைத்தேன். ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரங்களான ரைசோபியத்தையும் (வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தரும் நுண்ணுயிர்) பாஸ்போபாக்டீரியாவையும் (மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர்) கலந்து விதைநேர்த்தி செய்த முறை இங்குள்ள அனைவருக்கும் தெரிந்ததுதான். இன்றுவரை மனத்தை அரிப்பது 35ஆம் நாள் பிடுங்கிய இரண்டு செடிகள். கன்று வரிசைகளுக்கு நடுவில் நின்ற செடி சற்று வெளிறியிருந்தது. ஆனால் அதன் வேரெங்கும் கடுகுபோல் முடிச்சுகள் இருந்தன, ஒன்றைக் கிள்ளியதும் நகக்கண்ணில் இரத்தம்போல் சிவப்பு ஒட்டிக்கொண்டது, வேலை செய்யும் முடிச்சின் அடையாளம் அது. கன்றைச் சுற்றிய வட்டப்பாத்தியை ஒட்டி நின்ற செடியோ கரும்பச்சையாகச் செழித்திருந்தும், வேரில் எண்ணி ஏழே முடிச்சுகள், கிள்ளினால் உள்ளே வெளுப்பு. ஒரே விதை, ஒரே கஞ்சி, ஒரே நாள் விதைப்பு. விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு கன்றுகளுக்கு யூரியா வைத்திருந்தேன், அதன் வேலையோ என்று ஓர் ஐயம். செழித்த செடியைக் காட்டி, "உயிர் உரம் இதில்தான் வேலை செய்திருக்கிறது" என்று வீட்டார் சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச வரவில்லை.

கொள்ளுக்காடு:
எதற்கெடுத்தாலும் யூரியாவைக் குற்றவாளி ஆக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. என்னுடையது 10 மீட்டர் இடைவெளியில் நட்ட பழைய பெங்களூரா ரக மாந்தோப்பு. மரத்துக்கு உரம் வைத்தே மூன்றாண்டு ஆகிறது. அங்கு விதைத்த கொள்ளிலும் மரத்தடிச் செடிகளின் வேர் மொட்டையாகவே இருந்தது. நண்பகலில் நிழல் விழும் விளிம்பை ஒட்டிக் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனேன். வெயில் படும் இடம் வந்த பிறகுதான் முடிச்சுகள் தென்பட்டன. முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் இலை சமைத்துத் தரும் சர்க்கரையில் வாழ்வது. இலைக்கே வெயில் இல்லையென்றால் அது எதைத் தின்னும்?

கொய்யாத் தோட்டம், ஆயக்குடி:
நான்காண்டுக் கன்றுக்கு அவ்வளவு நிழல் ஏது, ஐயா? யூரியா என்று அவர் ஐயப்படுவதே சரியென எனக்குப் படுகிறது. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சு கட்ட மெனக்கெடுவதில்லை. என் கதை வேறு. கொய்யாவுக்கு இடையில் விதைத்த தட்டைப்பயறில் வேர் முழுவதும் முடிச்சுகளைக் கண்டு பூரித்து, பக்கத்துத் தோட்டத்தாரை எல்லாம் அழைத்துக் காட்டினேன். அவர்களில் வயதான ஒருவர் வேரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். ஒரு முடிச்சுகூட உதிரவில்லை. "தம்பி, இது வேரில் ஒட்டியிருப்பதில்லை, வேரே வீங்கியிருக்கிறது" என்றார். அது வேருக்குள் புகுந்து வீங்கச் செய்யும் வேர்முடிச்சு நூற்புழு. நல்லதற்கும் கெட்டதற்கும் தமிழில் வேர்முடிச்சு என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். கொய்யாவை வாட்டிக்கொண்டிருந்த புழுவுக்கு நானே தட்டைப்பயறு விதைத்து விருந்து வைத்திருக்கிறேன்.

விதைநேர்த்தி அனுபவசாலி:
ஒருமுறை பூஞ்சாணக் கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே வாளியில் கலந்து, வாங்கிய உயிரை நானே கொன்றேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மருந்து கலந்த விதைக்கு 24 மணி நேரம் கழித்தே உயிர் உரம் இட வேண்டும். எக்டருக்கான விதைக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பொட்டலம் மூன்று. கஞ்சி கைபொறுக்கும் சூட்டில் இருந்தாலும் ஆகாது, முற்றிலும் ஆறியிருக்க வேண்டும், நேர்த்தி செய்த விதையை நிழலில் அரை மணி நேரம் உலர்த்திய உடனே விதைத்துவிட வேண்டும். மண்ணில் இடுவதானால் பத்துப் பொட்டலத்தை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மணலுடன் கலந்து தூவலாம். சோயாவுக்கான பொட்டலத்தைக் கடலைக்குப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்களும் உண்டு. பயிரின் பெயரைப் படித்து வாங்குங்கள், காலாவதி நாளையும் பாருங்கள். தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள், பூச்சிமருந்துப் பெட்டியின் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆயக்குடி நண்பர் இனித் தட்டைப்பயறை விட்டு வேறு பயிரைப் பார்க்கலாம்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
ஐயா சொன்ன அனைத்தையும் செய்துதான் விதைத்தேன். நான் கேட்டது நேர்த்தியைப் பற்றியதன்று. நிழலா, யூரியாவா என்பதை இந்தப் பட்டத்தில் நானே பார்த்துவிடுகிறேன். நான்கு கன்றுகளுக்கு மட்டும் யூரியா வைக்காமல் விட்டு, செவ்வாயன்று கடலை விதைத்திருக்கிறேன். அந்தப் பாத்திகளை அடையாளம் காண, கன்றின் கிளையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. வீட்டில் அதைத் திருஷ்டிக்குக் கட்டியதாக நினைத்திருக்கிறார்கள்.