உதவி: ‘இன்ஃப்ளேமபிள்’னா தீப்பிடிக்காதுன்னுதானே?

வளவுவீடு: டின்ல ‘இன்ஃப்ளேமபிள்’னு இருக்கு. முன்னால ‘இன்’ வந்தா ‘இல்லை’தானே? தமிழ்ல ‘தீப்பிடிக்காது’ன்னு எழுதி ஒட்டணும். ஆளுங்க காத்திருக்காங்க. சீக்கிரம்.

ஆத்தங்குடிக்கல்: என்ன டின்? உள்ள என்ன இருக்கு? எங்க வச்சிருக்கீங்க? அதைச் சொல்லாம எழுதிராதீங்க.

கோவிலூரான்: இன்விசிபிள், இன்கரெக்ட், இன்ஆக்டிவ் எல்லாமே ‘இல்லை’தான். தைரியமா எழுதுங்கண்ணே.

இலக்கணப்பித்தன்: கோவிலூரான், அரைகுறையாகத் தெரிந்தால் பதில் சொல்லக் கூடாது. இது உயிர் விஷயம். லத்தீன் வழி வந்த ‘இன்’ இரண்டு. ஒன்று ‘இல்லை’. மற்றது ‘உள்ளே, மேலே’. அடுத்த எழுத்துக்கேற்ப இரண்டுமே ஒரே மாதிரி இல், இர், இம் எனத் திரியும். இல்லீகல் சட்டத்துக்குப் புறம்பானது; இல்லுமினேட் ஒளியூட்டுவது. இர்ரெகுலர் ஒழுங்கற்றது, இர்ரிகேட் நீர் பாய்ச்சுவது. இம்பாஸிபிள் முடியாதது, இம்போர்ட் உள்ளே கொண்டுவருவது. தோற்றத்தை வைத்து முடிவு கட்டவே முடியாது.

தேவகோட்டை டீச்சர்: சோதிக்க வழி இருக்கு. கடைசி ‘ஏபிள்’ஐ எடுத்துப் பாருங்க. மிச்சம் ‘இன்ஃப்ளேம்’. தீமூட்டுன்னு பொருள் தர்ற வினை. அதனால தீப்பற்றக்கூடியது. ‘இன்கியூரபிள்’ல எடுத்தா ‘இன்கியூர்’. அப்படி வினையே கிடையாது. அங்க ‘கியூரபிள்’ முதல்ல, ‘இன்’ பிறகு வந்து ஒட்டுது: குணப்படுத்த முடியாதது. இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் இப்ப நிறைய லேபிள்ல ‘ஃப்ளேமபிள்’னு போடுறாங்க. ரெண்டுக்கும் பொருள் ஒண்ணு. எதிர்ப்பதம் ‘நான்ஃப்ளேமபிள்’.

கோவிலூரான்: தப்பாச் சொல்லிட்டேன், என் பதிலை எடுத்துக்காதீங்க. ஆனா ‘இல்லை’ன்னு பொருள் தர்ற ‘அன்’ மட்டும் ஏன் திரியல? அன்பாப்புலர், அன்ரியல், அன்லாஃபுல்னு அப்படியேதானே இருக்கு?

இலக்கணப்பித்தன்: ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு. இம், இல், இர் லத்தீனிலேயே திரிந்து வந்தவை. தமிழில் முன்னொட்டே கிடையாது, இந்த வம்பும் இல்லை.

ஆத்தங்குடிக்கல்: கிடையாதா? அநீதி, அசுத்தம்?

இலக்கணப்பித்தன்: வடசொற்கள்.

ஆத்தங்குடிக்கல்: அவ்வீடு, இவ்வூர்? சுட்டெழுத்து முன்னாலதானே ஒட்டுது. திரியறதும் நமக்குப் புதுசில்ல: மரம், கள் சேர்ந்தா மரங்கள். ‘இன்’ ‘இம்’ ஆகிறதும் அதே நாக்கு வேலைதான்.

தேவகோட்டை டீச்சர்: அதைப் பிறகு பேசிக்கலாம். கேட்டவரைக் காணோமே?

வளவுவீடு: தின்னர். நிலைக்கதவு வார்னிஷுக்கு. இரண்டாங்கட்டுல, அடுப்படி ஓரம்.

ஆத்தங்குடிக்கல்: உடனே எடுங்க! மூடியை இறுக்கி, காத்தோட்டமான நிழல்ல வைங்க. அதோட ஆவி காத்தைவிடக் கனம். தரையோட ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போகும். ‘எளிதில் தீப்பற்றும்’னு எழுதுங்க.

வளவுவீடு: எடுத்தாச்சு, எழுதியாச்சு. நன்றி ஆச்சி, நன்றிண்ணே.