தலையில் காந்தம் வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பெரம்பூர்வாசி

ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். நிலைக்காந்தம். கரண்ட் கிடையாது, காயில் (கம்பிச்சுருள்) கிடையாது, வெறும் நியோடிமியம் காந்தக் கட்டி. இடது பக்க உச்சியில் பத்து நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் டி.எம்.எஸ். (தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறை) துடிப்பு கொடுத்து, விரல் எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தார்கள்.

டி.எம்.எஸ். காயில் 'டக்' என்று அடிக்கும். அதே நொடியில், நான் அசைக்காமலே என் வலது ஆள்காட்டி விரல் தூக்கிப் போட்டது. முதல் தடவை பயந்தே போனேன். அப்புறம் காந்தத்தை வைத்தார்கள். கனம் மட்டும்தான் தெரிந்தது. சூடில்லை, குறுகுறுப்பில்லை, ஏ.சி. ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமும் இல்லை. எடுத்த பிறகு மறுபடி 'டக்'. விரல் துள்ளியது, ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பின மாதிரி சோம்பலாக. திரையில் அலையும் சின்னதாகத்தான் பட்டது.

சிலருக்கு நிஜக் காந்தம், சிலருக்கு அதே உருவத்தில் அதே எடையில் காந்தமில்லாத எஃகு. எனக்கு எது என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த விரல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

மைக்ரேன்_மணி

எனக்கு மைக்ரேன், பத்து வருடமாக. இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு ரிச்சி தெருவில் விசாரித்து, அதே அளவில் இரண்டு வாங்கினேன். ராத்திரி பதினோரு மணி, வீட்டில் எல்லோரும் தூங்கியாகிவிட்டது. ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, இன்னொன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தேன். அரைச் சாண் இடைவெளி இருந்திருக்கும். மேசையில் இருந்தது எகிறி வந்து ஒட்டியது. நடுவில் என் இடது மோதிர விரல்.

நேராக இழுத்தால் அசையவே இல்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, தம்பி பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் பிரித்தான். ஓரத்தில் நிக்கல் பூச்சோடு ஒரு சில்லு பெயர்ந்து தரையில் கிடந்தது. அது கண்ணில் தெறித்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். நகம் கறுத்து விழுந்து, முளைக்க ஐந்து மாதம் ஆனது. தயவுசெய்து வீட்டில் முயற்சி பண்ணாதீர்கள்.

ஆதம்பாக்கம்_அக்கா

மணி தம்பி, விரலோடு போனதே என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஹைட்ரோகெபாலஸ், மூளைக்குள் நீர் தேங்கும் நோய். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில், அந்த நீரை வடிக்கும் ஷன்ட் குழாயின் வால்வு இருக்கிறது. வெளியிலிருந்தே காந்தக் கருவியால் அழுத்த அளவை மாற்றி வைக்கும் வகை.

போன வருடம் சித்தி ஆசையாக ஒரு காந்தத் தலையணை வாங்கி வந்தார். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று யாரோ விற்றது. நாலு நாள் அதில் படுத்தான். அப்புறம் உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிவிடும். சாப்பிட உட்காருவான், இரண்டு வாய்க்குள் 'அம்மா படுத்துக்கறேன்' என்பான். டாக்டர் காதுக்குப் பின்னால் கருவியை வைத்துப் பார்த்தார். 120-இல் இருக்க வேண்டியது 70-இல் நின்றது. தலைக்குள்ளிருந்து நீர் தேவைக்கு மேல் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டார். அந்த 70 என்ற எண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

பெரம்பூர் சார், உங்களை உட்கார வைப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கர், ஷன்ட், காக்ளியர் (காதுக்குள் வைக்கும் கேட்கும் கருவி), ரத்தக்குழாய் கிளிப் எல்லாம் கேட்டார்களா?

வாத்தியார்_மயிலை

என் அனுபவம் சின்னது. எம்.ஆர்.ஐ.க்காக மேசையோடு உள்ளே நகர்த்தியபோது அறையே மெல்லச் சுழன்றது. பயத்தில் வந்தது என்றார்கள். பயமில்லை. காதின் உட்பகுதித் திரவத்தில் ஓடும் அயனி மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தள்ளுவதால் இப்படி ஆகும் என்று 2011-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. அப்போது கண்கள் தானாக அசையும்; உட்காது செயலிழந்தவர்களுக்கு அந்தக் கண்ணசைவு வரவே இல்லை. அதனால் நிலைக்காந்தம் உடம்பில் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பெரம்பூர் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. விரல் துள்ளல் துடிப்புக்குத் துடிப்பு கூடும், குறையும். அதனால்தான் பல துடிப்புகள் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். இந்த நிலைக்காந்தச் சோதனையைத் தொடங்கி வைத்தது ஸ்பெயினில் டொலேடோ நகரத்து ஒலிவியேரோ குழு. 2011-இல் அவர்கள் விரல் துள்ளலில் கண்ட குறைவு சுமார் 25 சதவீதம், அதுவும் காந்தத்தை எடுத்த பிறகு சில நிமிடங்கள்தான். பின்னால் செய்து பார்த்த சிலருக்கு அந்த விளைவு கிடைக்கவும் இல்லை. இவ்வளவு நுணுக்கமான ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

இன்னொன்று. டி.எம்.எஸ். வேறு, இது வேறு. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் டி.எம்.எஸ்.ஸுக்குப் பயன்படுத்தியது ஃபாரடே விதி: மாறும் காந்தப்புலம் மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டும், அதனால் விரல் துள்ளும். அசையாமல் இருக்கும் காந்தம் எதையும் துள்ள வைக்காது. செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளைக் கொஞ்சம் திருப்பி, அயனி வாயில்களை மந்தப்படுத்துகிறது என்பது விளக்கம். அது இன்னும் உறுதியாகவில்லை. தலைக்குள் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் அந்தக் காந்தத்தின் புலம் 120 முதல் 200 மில்லிடெஸ்லா. சாதாரண எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லா, அதாவது 1500 மில்லிடெஸ்லா. மணி வாங்கிய அளவு, 45 மி.மீ. விட்டம், 30 மி.மீ. தடிமன், அதற்கு இழுவிசை 78 கிலோ வரை சொல்கிறார்கள். விரல் தப்பியதே பெரிது.

நீங்கள் செய்ய வேண்டியது: கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைத் தேடுங்கள். ஆய்வு முடிந்திருந்தால் உங்களுக்கு வைத்தது எது என்று கேட்டு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் படிவத்திலேயே நெறிமுறைக் குழுவின் தொடர்பு இருக்கும், அவர்களுக்கு எழுதுங்கள். பணிவாக, ஆனால் தேதி போட்டு.

பெரம்பூர்வாசி

அக்கா, கேட்டார்கள். ஒவ்வொன்றாக இரண்டு தடவை. பையன் இப்போது நன்றாக இருக்கிறானா?

வாத்தியார் சார், நீங்கள் சொல்வது நியாயம். திரையை நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். ஆனால் ஒன்று எழுத விட்டுப்போனது. காந்தத்தை எடுத்து வருவதற்கு முன், எனக்கு அதை வைத்த ஆய்வுக்கூடப் பெண் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். வெறும் எஃகு என்றால் எதற்குக் கழற்ற வேண்டும்? இல்லை, எது என்று அவருக்கும் தெரியாதோ?

படிவம் கிடைத்துவிட்டது. இன்று காலை மெயில் அனுப்பியிருக்கிறேன்.