கயாக் இழுக்குற வண்டி உடைஞ்சு வீட்லயே சரி பண்ணது, அப்புறம் பரிசலுக்கு மாத்துனது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பெண்ணையாத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி ஜில்லா காவேரிப்பட்டணம் பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற ஒல்லியான சின்ன படகு) ஒண்ணு வாங்கினேன், மேல உக்காந்து ஓட்டுற டைப், 10 அடி நீளம், எடை 25 கிலோ. கூடவே அதை வச்சு இழுத்துட்டுப் போற ரெண்டு சக்கர வண்டியும் குடுத்துட்டார். அலுமினிய பைப் ஃபிரேம், காத்தடிக்கிற சின்ன டயரு, மடக்கி வைக்கலாம். எங்க ஊர் ஏரியில மீன் குத்தகை எடுத்தவர்கிட்ட கேட்டுட்டுதான் இறக்குவேன், வலை கட்டியிருக்கிற பக்கம் போக மாட்டேன், லைஃப் ஜாக்கெட் இல்லாம கால் வைக்க மாட்டேன். பிரச்சனை தண்ணியில இல்ல. ரோட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் முக்கால் கிலோமீட்டர் இருக்குதே அதுலதான். நம்ம ஜில்லா மண்ணு தெரியும்ல, எங்க கால் வச்சாலும் கல்லு, மிச்ச இடத்துல சீமைக்கருவேல முள்ளு.

போன தை மாசம் ஏரியில தண்ணி நல்லா நின்னுச்சுன்னு காலையில 6 மணிக்கே கிளம்பிட்டேன். மதகு தாண்டி கரை இறங்குற இடத்துல இடது சக்கரம் கழண்டு அது பாட்டுக்கு சரிவுல உருண்டு போயிடுச்சு, அச்சு கம்பி தரையில குத்தி நின்னுடுச்சு, நான் முன்னாடி இழுத்த வேகத்துல ஃபிரேம் பைப்பு போல்ட் ஓட்டை இருக்கிற இடத்துல வளைஞ்சு கீறல் விட்டுடுச்சு. கயாக் அடியில ஒரு முழ நீளத்துக்கு கோடு. அப்படியே கரையில உக்காந்துட்டேன், ஆசையா வாங்கின பொருள் இல்லையா.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, சக்கரத்தை திருப்பிப் பாத்துட்டு "கடையாணி போயிருக்குது பாரு, அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னு சொன்னாங்க. சரியா அதுதான். சக்கரம் வெளிய வராம நிறுத்துற பின்னு அறுந்திருந்துச்சு. ஆனா பின்னு ஏன் அறுந்துச்சுன்னு பாத்தாதான் விஷயமே. சக்கரத்து நடுவுல பேரிங்கே இல்ல, வெறும் பிளாஸ்டிக் ஓட்டைக்குள்ள இரும்பு கம்பி. மணல் பூந்து பூந்து அரைச்சு, வட்டமா இருந்த ஓட்டை கோழிமுட்டை மாதிரி ஆயிருந்துச்சு. விரலை விட்டா நரநரன்னு கருப்பா மை மாதிரி வருது. சக்கரம் அந்த ஓட்டைக்குள்ள ஆடி ஆடி ஒவ்வொரு கல்லுலயும் பின்னை பக்கவாட்டுல இடிச்சிருக்குது. புது பின்னு மட்டும் போட்டு ஓட்டியிருந்தா அடுத்த வாரமே திரும்ப அறுந்திருக்கும்.

வெல்டிங் பட்டறைக்கு தூக்கிட்டு போனேன். அண்ணன் பாத்த உடனே சொல்லிட்டார், இது அலுமினியம், நம்ம சாதா ராடு ஒட்டாது, ஆர்கான் வெல்டிங் வேணும், அதுலயும் இவ்ளோ மெல்லிசு பைப்புன்னா ஓட்டை விழுந்துடும், காசை வீணாக்காத, உள்ள ஒரு பைப்பு சொருகி போல்ட் போடுன்னு. தொழில் வர்றதை வேணாம்னு சொல்லி வழியும் சொன்னார், அவருக்கு என் நன்றி. பழைய இரும்புக்கடையில தேடி உள்ள இறுக்கமா போற சைஸ்ல அலுமினிய பைப் 8 இன்ச் வாங்கி, கீறலுக்கு அந்தாண்ட 4 இந்தாண்ட 4 வர்ற மாதிரி சொருகினேன். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு போல்ட்டு, ஒண்ணு மேலருந்து கீழ, இன்னொண்ணு பக்கவாட்டுல. ஒரே கோட்டுல போட்டா அந்த கோட்டுலயே திரும்ப கிழியும். நட்டு உள்ள நைலான் வளையம் இருக்கிறது, குலுங்கினாலும் கழலாது. கீறல் முடியுற நுனியில சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டேன், அப்பதான் கீறல் அதோட நிக்கும். எவர்சில்வர் போல்ட்டு அலுமினியத்துல நேரா பட்டு ஈரமும் சேந்தா அலுமினியம் வெள்ளை வெள்ளையா பொரிஞ்சு அரிச்சுடும், அதனால போல்ட்டு முழுக்க கிரீஸ் தடவித்தான் போட்டேன்.

சக்கரத்துக்கு லேத்துல குடுத்து நடு ஓட்டையை 32 மில்லிக்கு கடைஞ்சு, 6201 பேரிங் சக்கரத்துக்கு ரெண்டு போட்டேன். உள்ள 12 மில்லி, வெளிய 32 மில்லி, என் அச்சு கம்பி 12தான், கச்சிதமா உக்காந்துச்சு. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதா கேட்டு வாங்குங்க, இல்லன்னா சேறு பூந்துடும். அப்படியே இருந்தாலும் சக்கரத்தை தண்ணிக்குள்ள இறக்காதீங்க, கரையிலயே கயாக்கை இறக்கிட்டு வண்டியை மேல ஏத்திடுங்க. கடையாணிக்கு இப்ப பெரிய காட்டர் பின்னு, அதுக்கு உள்பக்கமா தடியா ஒரு வாஷர்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சுது. வண்டியை கயாக்கோட வால் பக்கம் கட்டுனா பாதி எடை உங்க கையில, அதாவது 12 கிலோவுக்கு மேல. நடுவுலேர்ந்து ஒரே ஒரு அடி பின்னாடி தள்ளி கட்டுனா கைக்கு 4 கிலோ சொச்சம்தான் வரும். சரியா நடுவுல கட்டுனா எடையே தெரியாது, ஆனா மேட்டுல முன்பக்கம் தூக்கிக்கும், பள்ளத்துல மூக்கு குத்தும். அந்த ஒரு அடிதான் சரி.

உங்க வண்டிங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

பாலக்கோடு மெக்கானிக்

நல்லா பண்ணிருக்கீங்க தம்பி. நான் ஒருத்தருக்கு சின்ன பசங்க சைக்கிள் சக்கரம் 16 இன்ச் ரெண்டு போட்டு செஞ்சு குடுத்தேன், பாக்க அம்சமா இருந்துச்சு, நேரா போறப்ப வெண்ணெய் மாதிரி போச்சு. சின்னாறு பஞ்சப்பள்ளி பக்கம் கொண்டு போனவர் சாயந்திரமே திருப்பி எடுத்துட்டு வந்துட்டார். சக்கரம் அப்பளம் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. சைக்கிள் சக்கரம் மேலருந்து வர்ற எடையை தாங்கும், பக்கவாட்டுல தள்ளுனா தாங்காது, கரை சரிவுல குறுக்கால போனா எடை பூரா பக்கவாட்டுலதான். சைக்கிள்ல ரெண்டு பக்கமும் ஃபோர்க்கு புடிச்சிருக்கும், வண்டியில ஒரு பக்கம் மட்டும் அச்சு. அவர்கிட்ட கூலி வாங்கல, மனசு கேக்கல. அப்புறம் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சக்கரம் போட்டு குடுத்தேன். கனம் ஜாஸ்திதான் ஆனா கல்லு மேல ஏறி இறங்குது பாருங்க, பெரிய சக்கரத்துக்கு சின்ன கல்லு ஒண்ணுமே இல்ல.

ஓசூர் மீனா

நானும் என் வீட்டுக்காரரும் பிவிசி பைப்புல செஞ்சோம். முதல் வருஷம் சூப்பர். மொட்டை மாடியில வெயில்லயே போட்டு வச்சதுல ரெண்டாவது வருஷம் ஜாயிண்ட்ல பட்டுன்னு உடைஞ்சுது, பைப்பு பிஸ்கட் மாதிரி ஆயிருந்துச்சு. பிவிசில பண்றவங்க பெயின்ட் அடிச்சு நிழல்ல வைங்க.

இன்னொன்னு சொல்லணும், கயாக்ல தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும்ல, அதுக்குள்ள கம்பி சொருகுற மாதிரி வண்டி வருது. அதை போட்டுட்டு கயாக் மேல ஐஸ் பாக்ஸ், பை எல்லாம் ஏத்தி இழுத்தோம், அந்த ஓட்டை ஓரத்துல முடி மாதிரி விரிசல் வந்துடுச்சு, ஒரு பக்கமா சாயுதேன்னு பாத்தப்பதான் உள்ள தண்ணி போனதே தெரிஞ்சுது. ஏரி நடுவுல இருந்தோம். அன்னைக்கு நினைச்சா இப்பவும் வயித்தை கலக்குது. பொருளை தனியா தூக்கிட்டு போயிடுங்க. கயாக்கை வண்டியோட சேத்து கட்டுற பட்டையை வெயில்ல ரொம்ப இறுக்கி கட்டாதீங்க, கயாக் அடி பள்ளம் விழுந்துடும்.

ஊட்டமலை பக்கம்

கயாக் எல்லாம் நமக்கு தெரியாதுங்க. எங்க அப்பா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுனவரு. பரிசலை கவுத்து தலையில போட்டுக்கிட்டு பாறை மேல நடப்பாரு, எதிர்ல பாத்தா ஆமைக்கு கால் முளைச்சு வர்ற மாதிரி இருக்கும், சின்ன வயசுல அதை பாத்து சிரிச்சிருக்கேன். 50 வயசுலயே கழுத்து திருப்ப முடியாம போயிடுச்சு, பின்னாடி யாராவது கூப்பிட்டா உடம்பு மொத்தமா திரும்புவாரு. நீங்க செஞ்ச மாதிரி வண்டி பரிசலுக்கு ஆகுமா? நெசமாவே கேக்குறேன்.

பெண்ணையாத்துக்காரன்

ஆகும்ணா. தலைப்புல பரிசல்னு போட்டதே அதுக்குத்தான். எங்க மாமா பென்னாகரம் பக்கம், ஆத்துல மீன் புடிக்கிறவரு. அவருக்கும் அதே கழுத்துதான். சித்திரையில போனப்ப என் வண்டியை கொண்டு போனேன்.

முதல் நாள் பரிசலை கவுத்து வண்டி மேல படுக்க வச்சு, அடி மேல பட்டையை குறுக்கால போட்டு இறுக்கி கட்டிட்டேன். அது தப்பு. மாமா பரிசல் மூங்கில் பின்னி பிளாஸ்டிக் சாக்கு வச்சு தார் பூசினது. 11 மணி வெயில்ல தார் இளகி பட்டை அப்படியே ஒட்டிக்கிச்சு, அவுக்குறப்ப தாரோட உரிஞ்சு வந்துடுச்சு, மூணு விரக்கடை அகலத்துக்கு சாக்கு தெரியுது. மாமா ஒரு வார்த்தை திட்டல. அடுப்பு பத்த வச்சு தார் காய்ச்சி பூசினாரு, பூசிக்கிட்டே சொன்னாரு, "மாப்ள, பரிசலுக்கு பலம் விளிம்புலதான், அடியில கை வைக்காத". அதுக்கப்புறம் விளிம்பு பின்னல் இடுக்குல மட்டும்தான் கயிறு விட்டு கட்டுறோம்.

ரெண்டாவது சிக்கல் அகலம். பரிசல் 6 அடி, பாதை ரெண்டு பக்கமும் புதரு, எல்லாத்துலயும் மாட்டுது. மாமாதான் சொன்னாரு, தட்டு கழுவி நிக்க வைப்போம்ல அந்த மாதிரி நிக்க வைன்னு. ஊருக்கு திரும்பி வந்து ஃபிரேமை கழட்டி, அச்சை மட்டும் 3 அடிக்கு நீட்டி, இந்த தடவை இரும்பு பைப்புல எல் மாதிரி ஒரு சாய்மானம் வெல்டிங் வச்சேன். பரிசல் பக்கவாட்டுல நின்னுக்கிட்டு லேசா சாஞ்சபடி வரும். விளிம்பு உக்கார்ற இடத்துல பழைய சைக்கிள் டயரை நீளமா பொளந்து கட்டினேன், மூங்கில் நசுங்கல. சின்ன டயர் ரெண்டையும் எடுத்துட்டு, மெக்கானிக் அண்ணன் சொன்ன அதே எக்ஸ்எல் சக்கரம்தான் நானும் போட்டேன், அச்சும் அதுக்கேத்த தடிமன்ல மாத்தினேன்.

ஒரு குறை இருக்குது, மறைக்க மாட்டேன். காத்து. ஆடி மாச காத்துல நிக்க வச்ச பரிசல் பாய்மரம் மாதிரி, ஒருதடவை சாஞ்சே போச்சு, நல்லவேளை யார் மேலயும் விழல. காத்து அடிச்சா ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் மேல் விளிம்புல கயிறு கட்டி காத்து வர்ற பக்கம் நின்னு புடிச்சுக்கிட்டே வரணும். தனியா இருந்தா படுக்க வச்சு சுத்து வழியில போறதுதான் நல்லது. ஆத்துல தண்ணி ஜாஸ்தியாகி பரிசல் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டா அவசரமா மேட்டுக்கு ஏத்தணும், அப்பதான் இந்த வண்டியோட அருமை தெரியுதுன்னு மாமா சொல்றாரு.

ஊட்டமலை பக்கம்

ரொம்ப நன்றிங்க. அப்பாவுக்கு படிச்சு காட்டினேன், தட்டு மாதிரி நிக்க வைக்கிறதுன்னு சொன்ன உடனே புரிஞ்சுக்கிட்டாரு. அந்த சாய்மானம் எவ்ளோ உயரம், எவ்ளோ சாய்வு? அளவு குடுத்தீங்கன்னா இங்க பட்டறையில சொல்லி செஞ்சுக்குவோம்.

பெண்ணையாத்துக்காரன்

உயரம் 3 அடி வச்சேன், சாய்வு டேப்பு வச்சு அளந்துதான் சொல்லணும்ணா. வண்டி இப்ப என்கிட்ட இல்ல, மாமா வீட்லதான் நிக்குது, அவருக்கே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை அங்க போறேன், அளந்து போடுறேன். இல்லன்னா அப்பாவை கூட்டிட்டு நேர்ல வாங்க, உங்க ஊர்லேர்ந்து பக்கம்தான், அவர் பரிசலையே ஏத்தி பாத்துட்டு அளவு எடுத்துக்கலாம்.