விசில் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் டர்பனில் கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறாள். போன மாதம் வெளியூர் ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுல் (விதிமீறல்) விழுந்து பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. நடுவர் ஓரவஞ்சனை செய்தார் என்று அழுதாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பெற்ற மனசு சொல்வது சான்றாகாதே.

அமெரிக்காவில் ஆண்டர்சன், பியர்ஸ் என்ற இருவர் 2004–05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த அணிக்கு ஃபவுல் குறைவோ, அடுத்த விசில் அந்த அணிமேல் விழவே வாய்ப்பு அதிகமாம். வித்தியாசம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. அப்படியென்றால் கடைசியில் இரு பக்கமும் ஃபவுல் சமமாக இருப்பது நேர்மைக்கு அடையாளமே இல்லை. முரட்டுத்தனமாக ஆடுகிற அணிக்குத்தான் அது லாபம். இதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, எங்கள் ஆட்டங்களின் வீடியோ பன்னிரண்டு இருக்கிறது. ஒவ்வொரு விசிலுக்கும் நேரம், புள்ளி, அதுவரை விழுந்த ஃபவுல் எல்லாம் குறிக்கிறேன். தோற்கும் அணி கடைசி நிமிடங்களில் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே செய்யும் ஃபவுலைக் கணக்கில் சேர்க்கலாமா? பன்னிரண்டு ஆட்டம் போதுமா? அப்புறம், நடுவராக இருந்தவர்கள் யாராவது என்னோடு உட்கார்ந்து ஒரு வீடியோவாவது பார்ப்பீர்களா? ஞாயிறு மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன்.