புதுப்பிப்பு: அம்மாவின் கழுத்துக் கட்டி

அம்மாவுக்கு வலது காதுக்குக் கீழே, கழுத்தில், நெல்லிக்காய் அளவு கட்டி, வலியே இல்லை என்று இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தேன். தைராய்டு என்றீர்கள் பலர். தைராய்டுக் கட்டி என்றால் எச்சில் விழுங்கும்போது கூடவே மேலேறி இறங்குமாம், இது அசையவில்லை. முதலில் பார்த்த டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் இரண்டு வாரம் வீண். அப்புறம் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். நெறிக்கட்டில் காசநோய்.

புற்றுநோயோ என்று தூக்கமில்லாமல் கிடந்த வீட்டில் இதைக் கேட்டு நிம்மதி வந்தது, வேடிக்கைதான். இருமலே இல்லாமல் டிபியா என்று கேட்டேன். நெறிக்கட்டும் இடமான நிணநீர்க் கணுவிலும் வருமாம். நுரையீரலில் இல்லாததால் மற்றவருக்குத் தொற்றாதாம். அரசு ஆஸ்பத்திரியில் 6 மாத மாத்திரை, இலவசம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, அம்மா அலறிவிட்டார். அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து செய்யும் வேலை அது. கட்டி இப்போது சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.