மறு: இடைவலுத் தோட்டா – ராணுவத்தின் புதிய ரைபிளும் நம் சொற்களும்

குழுவினருக்கு வணக்கம்.

ராணுவத்தின் புதிய ரைபிள் பற்றிய செய்திகளில் வரும் தோட்டா வகைகளுக்கும் அவற்றின் பகுதிகளுக்கும் நம் அகராதியில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ரைபிளை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான் செய்தி. 7.62 மி.மீ. என்று போட்டாலே படிக்கிறவருக்குப் போதும். தோட்டாவுக்கு இத்தனை சொற்கள் எதற்கு?

போதாது ஐயா. 2019 பிப்ரவரியில் 72,400 எண்ணத்துக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கிய சிக் 716 ரைபிளும் 7.62 மி.மீ.தான். அமேதி மாவட்டம் கோர்வாவில் செய்கிற ஏகே-203-உம் 7.62 மி.மீ.தான். ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதில் சேராது. முதலாவதுக்கு 7.62×51, இரண்டாவதுக்கு 7.62×39. பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை நம் செய்தித்தாள்கள் விட்டுவிடுவதால், இரண்டும் ஒன்று என்றே வாசகர் எடுத்துக்கொள்கிறார். எங்கள் குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு குறைவு. மகன் கையில் இருப்பது என்ன, அதை ஏன் மாற்றினார்கள், மாற்றியது சரிதானா என்று தமிழ் மட்டும் படிக்கிற பெற்றோருக்கும் விளங்க வேண்டும். இந்தச் சொல் வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

> தோட்டா, துப்பாக்கி இரண்டுமே தமிழ் இல்லை. தொடங்கும்போதே தூய சொல்லாகத் தொடங்கலாமே.

சுடுகலன் எனக்கும் பிடித்த சொல். கைத்துப்பாக்கி முதல் இயந்திரத் துப்பாக்கி வரை எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாக அதை வைத்துக்கொள்வோம். தோட்டாவை மட்டும் தள்ள வேண்டாம். வடக்கிலிருந்து வந்த சொல்தான், ஆனால் நீதிமன்றம் முதல் டீக்கடை வரை வேரூன்றிவிட்டது. அதை மாற்றுவதைவிட, அதன் பொருளைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் இப்போது தேவை. இன்று "தோட்டா பாய்ந்தது" என்றும் எழுதுகிறோம், "தோட்டாவை நிரப்பினார்" என்றும் எழுதுகிறோம். பாய்வது வேறு, நிரப்புவது வேறு.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தெளிவாகிவிடும். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த காலத்தில் மருந்து (கருமருந்து) தனி, உண்டை தனி. குழல்வாய் வழியாக முதலில் மருந்து, அப்புறம் உண்டை, இடித்து இறுக்கிப் பற்றவைக்க வேண்டும். எங்கள் கோயில் திருவிழாக்களில் கதினா என்னும் வேட்டுக்குழல் வைக்கிறவர்கள் இன்றும் மருந்து இடிப்பது என்றே சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பித்தளை உறைக்குள் எல்லாமே ஒன்றாகிவிட்டன. அந்த ஒட்டுமொத்தப் பொருளுக்குத்தான் தோட்டா என்று பெயர். அதற்குள் இருப்பவை நான்கு: உறை, உறையின் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் சிறு மூடி, உந்துமருந்து, முன்னால் செருகிய உண்டை. உந்துமருந்தை வெடிமருந்து என்று எழுத வேண்டாம். அது வெடித்துச் சிதறுவதில்லை, வேகமாக எரிந்து வாயுவாகித் தள்ளுகிறது. நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருவது இந்த உந்துமருந்தைத்தான்.

பறந்து போகிற பகுதிக்கு ஈழத்து நண்பர் "ரவை" என்றார், மதுரை நண்பர் "குண்டு" என்றார். ரவை அங்கே நன்றாகப் புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது முழுத் தோட்டாவையும் குறிக்கிறது. நமக்கு அதே குழப்பம் திரும்பிவிடும். குண்டு என்றால் வெடிகுண்டா என்ற கேள்வி வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் "வெடியுண்டை" என்பார்கள், மலையாளத்திலும் அதுதான். "உண்டைவில்" என்று பழந்தமிழிலேயே இருக்கிறது, களிமண் உருண்டையை எறிகிற வில். எனவே என் வாக்கு உண்டைக்கு.

சுட்ட பிறகு மிஞ்சும் வெற்று உறைக்கும் தனிச்சொல் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த என் அண்ணன் அதை "கோக்கா" என்பார், இந்தியிலிருந்து பட்டாளத்துக்கு வந்த சொல். சுடும் பயிற்சி முடிந்ததும் பையன்கள் குனிந்து மண்ணைத் துழாவி, இன்னும் சூடு ஆறாத பித்தளைக் கோக்காக்களைத் தொப்பியில் பொறுக்குவார்களாம். கொடுத்த தோட்டாவும் வந்த கோக்காவும் கணக்கு ஒத்துவந்தால்தான் லாரியில் ஏற விடுவார்கள். புல்லுக்குள் ஒன்று உருண்டுபோய்விட்டால் கம்பெனியே உட்கார்ந்து தேட வேண்டியதுதான். இவ்வளவு முக்கியமான பொருளைத் தமிழில் "காலி தோட்டா" என்று எழுதுகிறோம். ஈழத்தில் வழங்கும் "கோது" இதற்கு அப்படியே பொருந்துகிறது. சுடும் முன் உறை, சுட்ட பின் கோது.

> காலிபர் = உண்டை விட்டம் என்று பதியலாமா?

வேண்டாம். 7.62 என்பது குழலின் உள்விட்டம், அதுவும் குழலின் உட்சுவரில் சுற்றிச் செல்லும் புரிகளின் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்தது. 7.62×51 தோட்டாவின் உண்டையை அளந்தால் ஏறத்தாழ 7.82 மி.மீ. வரும். உண்டை சற்றே பெரிதாக இருந்தால்தான் புரியைக் கவ்வும், கவ்வினால்தான் சுழலும், சுழன்றால்தான் நேராகப் போகும். ஆகவே காலிபர் "குழல்விட்டம்", பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது "உறைநீளம்". செய்தியில் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நம் குறிப்பில் அழுத்தமாகப் போடுவோம்.

இனி, இழை தொடங்கிய சொல்லுக்கு வருகிறேன். 7.62×39, 5.56×45 போன்றவற்றை ஒரு வகையாகவும், 7.62×51-ஐ அதற்கு மேலான வகையாகவும் பிரிக்கிறோம். அந்த முதல் வகைக்கு என்ன பெயர்? வந்தவை நான்கு: நடுத்தரத் தோட்டா, குறுந்தோட்டா, இடையாற்றல் தோட்டா, இடைவலுத் தோட்டா.

நடுத்தரம் என்றால் தரம் குறைந்தது என்றே காதில் விழும். குறுந்தோட்டாவுக்கு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கொண்டுவந்த 7.92×33 தோட்டாவைக் குட்டை என்றே அழைத்தார்கள். ஆனால் நீளத்தை அளவுகோலாக்கினால் மாட்டிக்கொள்வோம். முழு வலுத் தோட்டாவின் உறை 51 மி.மீ., நேட்டோவின் சிறிய தோட்டாவுக்கு 45, ரஷ்யத் தோட்டாவுக்கு 39. 45 மி.மீ. உறை உள்ளதுதான் 39 உள்ளதைவிட வலுக் குறைவு! பிரிப்பது நீளம் இல்லை, உண்டை எடுத்துச் செல்லும் ஆற்றல். குழல்வாயில் 5.56×45-க்கு ஏறத்தாழ 1,700 ஜூல், 7.62×39-க்கு 2,000 ஜூல், 7.62×51-க்கு 3,300 ஜூல். இயற்பியல்படி "ஆற்றல்" துல்லியமான சொல்தான். ஆனால் "இடையாற்றல்" என்று ஒட்டி எழுதினால் எங்கே பிரிப்பது என்று கண் தடுமாறும். வலு எல்லோருக்கும் தெரிந்த சொல். இடைவலு, முழுவலு என்று இணையாகவும் நிற்கிறது.

இந்த இரண்டு சொல் கையில் இருந்தால் ராணுவம் ரைபிள் மாற்றிய கதையையே தமிழில் நேராகச் சொல்லிவிடலாம். 1962-இல் சீனர்கள் எதிரில் நம் வீரர்கள் ஒவ்வொரு முறையும் தாழை இழுத்துச் சுடும் .303 ரைபிளோடு நின்றார்கள். அப்புறம் வந்த, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைபிள் முழுவலு, 7.62×51. தொண்ணூறுகளில் உள்நாட்டில் வடிவமைத்த இன்சாஸ் ரைபிள், இடைவலு, 5.56×45. அந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் எடை. 5.56 தோட்டா ஏறத்தாழ 12 கிராம், 7.62×51 அதைப்போல் இரண்டு மடங்கு. அதே சுமையில் இரட்டிப்புத் தோட்டா கொண்டுபோகலாம். ஆனால் கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) விரிசல் விட்டது, ரைபிளும் சுடும்போது நடுவில் சிக்கிக்கொண்டது. தொலைவில் உள்ள எதிரியை ஒரே அடியில் வீழ்த்த 5.56 போதாது என்ற குரலும் படைக்குள் வளர்ந்தது. இப்போது முன்னணிக் காலாட்படைக்கு முழுவலு சிக் 716, பெரும்பான்மைப் படைக்கு இடைவலு ஏகே-203. பின்னதற்கு 2021 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் ஆறு லட்சத்துக்கும் மேல்.

இது சரியான முடிவா என்று தக்கலை நண்பர் கேட்டிருந்தார். ஏகே-203 சரி என்பதே என் கருத்து. புதரிலும் தெருவிலும் நெருங்கிச் சுடுகிறவருக்கு 30 தோட்டா கொள்ளும் மேகசினும் கட்டுக்குள் நிற்கும் பின்னுதைப்பும் தேவை. மலை முகட்டில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவைப் பார்த்து நிற்கிறவருக்கு முழுவலு தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. இன்சாஸ் முழுதாகப் போகும்வரை மூன்று வகைத் தோட்டா ஒரே படையில் ஓடும். பெட்டி மாறிப் போனால் முன்னால் இருக்கிறவர் கையில் ரைபிள் இருந்தும் பயனில்லை. அந்தச் சுமை வழங்கல் பிரிவின் தலையில்தான் விழுகிறது. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதைக் காணோம்.

அமெரிக்கப் படை 2022-இல் தேர்ந்தெடுத்த 6.8×51-க்கும் நம் பட்டியலில் இடம் வேண்டும். நவீன உடற்கவசத்தையும் கூடுதல் தொலைவையும் குறிவைத்துச் செய்தது. இராணுவ வகையில் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு. பித்தளை மட்டும் அதைத் தாங்காது என்று உறையின் அடியை எஃகில் செய்திருக்கிறார்கள். இதற்குக் "கலப்புறை" என்று வந்த பரிந்துரை நன்றாக இருக்கிறது, ஆனால் எதன் கலப்பு என்று தெரியவில்லை. "ஈருலோக உறை" என்றால் சந்தேகமே இல்லை. எடை கூடும், மேகசினில் முப்பதுக்குப் பதில் இருபதுதான் என்பதே அங்கும் எதிர்ப்பாளர்களின் வாதம். அங்கே இடைவலுவிலிருந்து முழுவலுவுக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரே வரியில் எழுதலாம், படிப்பவருக்கும் புரியும்.

"தாக்குதல் துப்பாக்கி" பற்றி ஒரே ஒரு சொல். அந்தப் பெயர் இடைவலுத் தோட்டாவை ஒவ்வொன்றாகவோ தொடர்ச்சியாகவோ தேர்ந்தெடுத்துச் சுடக்கூடிய ரைபிளுக்கு உரியது. சிக் 716-ஐயும் அப்படி எழுதுகிறார்கள். நம் அகராதியில் அதை முழுவலு ரைபிள் என்றே வைப்போம். மேகசினை நான் தொடவில்லை, மக்கள் வாயில் இருக்கிறது, இருக்கட்டும்.

மறுப்பு வராவிட்டால் தோட்டா, உறை, கோது, உண்டை, உந்துமருந்து, குழல்விட்டம், உறைநீளம், இடைவலு, முழுவலு, ஈருலோக உறை ஆகியவற்றை விளக்கத்தோடு ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். உறையடியில் பொறி கிளப்பும் அந்தச் சிறு மூடிக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. "பொறிமூடி" என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். சிவகாசிப் பக்கத்து நண்பர்கள் தொழிற்சாலையில் இதை ஒத்த பொருளை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து