லேசரை மங்கச் செய்தால் செவ்வியல் சாராத ஒளி கிடைக்குமா?

கேள்வி (முதுகலை மாணவர்):
ஒரு லேசர் துடிப்புக்குச் சராசரியாக 0.1 ஃபோட்டான் மட்டுமே எஞ்சும்படி, வடிகட்டிகளை அடுக்கி ஒளியை மங்கச் செய்திருக்கிறோம். உணர்கருவியும் தனித்தனிச் சொடுக்குகளையே பதிவுசெய்கிறது. அப்படியிருந்தும், இதைச் செவ்வியல் சாராத ஒளி (செவ்வியல் அலைக்கொள்கையால் விளக்க முடியாத ஒளி) என்று அறிக்கையில் எழுதக் கூடாது என்கிறார் என் வழிகாட்டி. ஏன்?

பதில் 1:
உங்கள் வழிகாட்டி சொல்வதே சரி. லேசர் தருவது ஓரியல் நிலை (coherent state), அதாவது செவ்வியல் அலையை மிக நெருங்கிய ஒளி. வடிகட்டி அதன் வீச்சைக் குறைக்குமே தவிர, அந்த நிலையின் இயல்பை மாற்றாது. சராசரி 0.1 என்றால், ஒன்றையொன்று சாராமல் வரும் நிகழ்வுகளின் எண்ணிக்கையைத் தரும் பாய்சான் பரவலின்படி 90.5% துடிப்புகள் வெறுமையாக இருக்கும், சுமார் 9% துடிப்புகளில் ஒரு ஃபோட்டான் இருக்கும், 0.45% துடிப்புகளில் இரண்டு இருக்கும். அதாவது, ஃபோட்டான் உள்ள துடிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ இருபதில் ஒன்று ஒற்றை ஃபோட்டான் அல்ல. சொடுக்குச் சத்தம் உணர்கருவியின் குணம். அதை ஒளியின் குணமாக எடுத்துக்கொள்வதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஒளியைச் சமமாகப் பிரிக்கும் கண்ணாடியின் இருபுறமும் உணர்கருவிகளை வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் சொடுக்கும் விகிதத்தை அளந்து பாருங்கள். எவ்வளவு மங்கச் செய்தாலும் இரண்டாம் வரிசை ஒப்புறவு, அதாவது தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய விகிதத்தோடு ஒப்பிட்ட அந்த விகிதம், 1 என்றே நிற்கும். செவ்வியல் ஒளியில் அது 1-க்குக் கீழே இறங்காது. 1977-இல் கிம்பிள், டகெனாய்ஸ், மாண்டெல் ஆகியோர் சோடியம் அணுக்களின் ஒளிர்வில் அந்த எல்லை மீறப்படுவதைக் காட்டினர். ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த அணு, மீண்டும் கிளர்ந்தெழாமல் அடுத்ததை உமிழ முடியாது என்பதே காரணம்.

பதில் 2:
தனி அணு கையில் இல்லையென்றால், நேரியல் சாராத படிகமே எளிய வழி. 405 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று, எப்போதாவது, 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகப் பிரியும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று இருப்பது தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் லேசரின் திறனை ஏற்றினால், ஒரே நேரத்தில் இரண்டு இணைகள் பிறந்து ஒற்றைத்தன்மை கெடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அதே படிகத்தில் இறுக்கிய ஒளியையும், அதாவது ஒரு பண்பின் இரைச்சலைக் குறைத்த ஸ்குவீஸ்டு ஒளியையும், உருவாக்க முடியும் என்கிறார்களே, அது எளிதா?

பதில் 3:
உருவாக்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் கடினம். 1985-இல் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாகக் கண்டபோது இரைச்சல், ஒளியே இல்லாதபோதும் எஞ்சும் வெற்றிட அளவைவிடச் சிறிதளவே தாழ்ந்தது. 2016-இல் ஜெர்மனியில் 15 டெசிபெல் வரை இறக்கினார்கள். இழக்கும் ஒளியின் இடத்தில் வெற்றிட இரைச்சல் புகுந்துவிடுகிறது: 10 டெசிபெல் இறுக்கத்துடன் புறப்படும் ஒளி 20% இழப்பைச் சந்தித்தால், எஞ்சுவது 5.5 டெசிபெல்தான்.

நான் ஒருமுறை வாரக்கணக்கில் படிகத்தின் வெப்பநிலையையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன்; கோளாறு, ஒப்பிட்டு அளக்கப் பயன்படும் லேசர்க் கற்றையோடு இறுக்கிய கற்றை சரியாகப் பொருந்தாததில் இருந்தது. அந்த இரு கற்றைகளும் கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டுப் பட்டைகளின் தெளிவு 95% என்றால் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் திறன்கணக்கில் அது தன்னாலேயே பெருக்கப்பட்டு (0.95 × 0.95) 90% ஆகிவிடும். ஆகவே, படிகத்தைத் தொடுவதற்கு முன் அந்தத் தெளிவை அளந்துவிடுங்கள்.